எழுத்து உடையாத கண்ணாடி

(எபிசோடின் உரை வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

"கொஞ்சம் கோடிங்கை விட்டு வெளிய வாங்க"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. வந்துட்டேன். இன்னைக்கு விஷயம் ஒரு பூச்சாடி. ஆனா முழுசா வெளிய வந்துட்டேனான்னு எபிசோட் முடியறப்ப நீங்களே சொல்லுங்க.

துருக்கியோட கைவினைக் கண்ணாடின்னு தேடிப் பாத்தா இந்த மாதிரி ஒரு பொருள் கட்டாயம் கண்ணுல படும். கருநீலத்துல ஒரு ஜாடி. வாயால ஊதி செஞ்சது. அதோட வயித்துப் பகுதியைச் சுத்தி தங்க நிறத்துல அரபு எழுத்து, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, பின்னி, சுழிச்சு நிக்கும். ஒட்டோமான் காலத்துப் பள்ளிவாசல் சுவர்கள்ல இருக்கிற எழுத்தணியைப் பாத்து செஞ்சதுன்னு குறிப்பு இருக்கும். பக்கத்துலயே "கைவேலை"ன்னு ஒரு சீட்டு.

என் கேள்வி அந்தச் சீட்டுல ஆரம்பிக்குது. கைவேலைன்னா யாரோட கை? எழுத்தை முதல்ல எழுதினவரோட கையா, கண்ணாடியை ஊதினவரோட கையா, தங்கம் பூசினவரோட கையா? இன்னொண்ணும் இருக்கு. இந்த மூணு பேர்ல அந்த எழுத்தை வாசிக்கத் தெரிஞ்சவர் யாராவது இருக்காரா? பல மொழி எழுத்துக்கள் திரையில ஒழுங்கா தெரியுதான்னு பாக்குறது என் வேலையில ஒரு பகுதி. அதனால இந்த ரெண்டாவது கேள்வியை என்னால சும்மா கடந்துபோக முடியல.

விளக்கும் மையும்

முதல்ல, கண்ணாடிக்கும் எழுத்துக்கும் பள்ளிவாசல்ல என்ன உறவுன்னு பாத்துடுவோம். இஸ்தான்புல்ல சுலைமானியே பள்ளிவாசல் இருக்கு. 1550-ல ஆரம்பிச்சு 1557-ல முடிஞ்சது. கட்டினவர் மிமார் சினான், ஒட்டோமான் பேரரசோட தலைமைக் கட்டடக் கலைஞர். மின்சாரம் இல்லாத காலம். அவ்வளவு பெரிய மண்டபத்துக்கும் வெளிச்சம் கொடுத்தது எண்ணெய் விளக்குகளும் மெழுகுவத்திகளும்தான். பெரிய வளையங்கள்ல வரிசையா சின்னச் சின்ன கண்ணாடிக் கிண்ணங்கள் தொங்கும். ஒவ்வொண்ணுலயும் எண்ணெயும் திரியும்.

அத்தனை திரி எரிஞ்சா புகை வருமே? சுவரெல்லாம் கறுத்துடுமே? அதுக்கு சினான் ஒரு வழி பண்ணியிருந்தார். காத்தோட்டம் புகையை வாசல் பக்கமா இழுத்துட்டுப் போற மாதிரி கட்டடத்தை அமைச்சு, தலைவாசலுக்கு மேல ஒரு தனி அறை வெச்சார். கரி அங்க போய்ப் படியும். அதை வழிச்செடுத்து, கருவேலம் பிசின் மாதிரியான பிசினோட குழைச்சு, எழுதுற மை செஞ்சாங்கன்னு சொல்றாங்க. நம்ம வீடுகள்ல விளக்குக்கரியில கண்மை செஞ்ச அதே சங்கதிதான்.

இந்தச் சுழற்சி எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. கண்ணாடி விளக்குல இருந்து கரி, கரியில இருந்து மை, மையில இருந்து எழுத்து. இன்னைக்கு அதே எழுத்து திரும்பவும் கண்ணாடி மேல வந்து உக்காருது.

கண்ணாடியில எழுத்துங்கிறது ஒட்டோமான்களுக்கும் முந்தின வழக்கம். 13, 14-ம் நூற்றாண்டுகள்ல எகிப்துலயும் சிரியாவுலயும் மம்லூக் சுல்தான்கள் ஆண்டப்போ, பள்ளிவாசல்களுக்குன்னே பெரிய கண்ணாடி விளக்குகள் செஞ்சாங்க. மேல எனாமல், தங்கப் பூச்சு, சுத்தி எழுத்து. குர்ஆன்ல இறைவனோட ஒளியை கண்ணாடிக்குள்ள இருக்கிற விளக்குக்கு ஒப்பிடுற ஒரு வசனம் உண்டு. பல விளக்குகள்ல அந்த வசனத்தையே எழுதியிருப்பாங்க. உள்ள தீபம் ஏத்தினா, ஒளியைப் பத்தின சொல் வழியாவே ஒளி வெளிய வரும். அங்க எழுத்து வெறும் அலங்காரமா நிக்கல, அந்தப் பொருள் என்ன வேலை செய்யுதுன்னு அதுவே சொல்லுது.

ஒட்டோமான்கள் நல்ல கண்ணாடிக்கு வெனிஸையும் நம்பினாங்க. 1569-ல தலைமை அமைச்சர் சொகொல்லு மெஹ்மெத் பாஷா 900 பள்ளிவாசல் விளக்குகள் வேணும்னு வெனிஸுக்கு ஆர்டர் போட்டார். கூடவே எந்த வடிவத்துல வேணும்னு படமும் போச்சு. இன்னைய பாஷையில சொன்னா, டிசைன் ஸ்பெக் அனுப்பி வெளிநாட்டுல தயாரிச்சு வாங்கியிருக்காங்க.

புள்ளிதான் அளவு

இப்போ எழுத்துக்கு வருவோம். துருக்கியில இந்தக் கலைக்கு "ஹத்"னு பேர். எழுதுறவர் "ஹத்தாத்". கருவி நாணல் பேனா. அதோட முனையைச் சாய்வா வெட்டுவாங்க. அந்த முனையை தாள்ல வெச்சு ஒரு சின்ன இழுப்பு இழுத்தா, சாய்சதுரமா ஒரு புள்ளி விழும். மொத்த எழுத்து முறைக்கும் அந்தப் புள்ளிதான் அளவுகோல்.

10-ம் நூற்றாண்டுல பாக்தாத்ல இருந்த இப்னு முக்லாதான் இந்த அளவு முறையை வகுத்தவர்னு சொல்லுவாங்க. பள்ளிவாசல் சுவர்கள்ல அதிகம் பாக்குற "ஸுலுஸ்" பாணியில, அலிஃப் எழுத்தோட உயரம் சுமார் 7 புள்ளி. மத்த எழுத்தோட வளைவு, வயிறு, வால் எல்லாமே இத்தனை புள்ளின்னு கணக்கு. மில்லிமீட்டர் கிடையாது, பிக்சல் கிடையாது. பேனா முனை பெரிசானா புள்ளி பெரிசாகும், புள்ளி பெரிசானா எழுத்து முழுக்க பெரிசாகும். வெப் டெவலப்பர் யாராவது கேட்டுட்டு இருந்தா இந்நேரம் சிரிச்சிருப்பீங்க. நாம "எம்"னு ஒரு அளவு வெச்சு எழுதுறோமே, அதே யோசனை. ஆயிரம் வருஷம் முன்னாடி.

15-ம் நூற்றாண்டு கடைசியில ஷேக் ஹம்துல்லா இந்த மரபுக்கு ஒட்டோமான் வடிவம் கொடுத்தார். அதுக்கப்புறம் ஒரு சிக்கல் ரொம்ப நாள் தீராம இருந்துச்சு. தாள்ல அழகா இருக்கிற எழுத்தை அப்படியே பத்து மடங்கு பெரிசாக்கி, உயரமான சுவர்ல வெச்சா நல்லா இருக்காது. கீழ இருந்து அண்ணாந்து பாக்குறப்போ எழுத்து குறுகித் தெரியும், இடைவெளிகள் வேற மாதிரி விழும். முஸ்தஃபா ராகிம்னு ஒருத்தர், 1758-ல பிறந்து 1826-ல இறந்தவர், ஓவியமும் தெரிஞ்சவர். பாக்குறவர் எங்க நிக்கிறார்ங்கிறதைக் கணக்குல எடுத்துக்கிட்டு, பெரிய எழுத்துக்குன்னு தனி விகிதங்களை ஒழுங்குபடுத்தினார். இன்னைக்கு நல்ல ஃபான்ட்ல தலைப்புக்கு ஒரு வடிவம், அடிக்குறிப்புக்கு ஒரு வடிவம்னு தனித்தனியா வரையிறாங்களே, அந்த மாதிரி.

எவ்வளவு பெரிசு போனாங்கன்னு தெரியணும்னா ஆயா சோஃபியாவுல தொங்குற 8 வட்டப் பலகைகளைப் பாருங்க. விட்டம் சுமார் 7.5 மீட்டர். இரண்டு மாடி வீட்டு உயரம். 1847-லேருந்து 1849 வரைக்கும் நடந்த பழுதுபார்ப்பின்போது கஸஸ்கெர் முஸ்தஃபா இஸ்ஸெத் எஃபெந்தி எழுதினது.

தாள்ல இருந்து சுவருக்கு எழுத்து எப்படிப் போகும்? கறுப்புத் தாள்ல மஞ்சள் மையால எழுதுவாங்க. திருத்தணும்னா கறுப்பால அழிச்சு சரிபண்ணுவாங்க. முடிஞ்சதும் எழுத்தோட ஓரம் முழுக்க ஊசியால நெருக்கமா குத்துவாங்க. அந்தத் தாளைச் சுவர்ல ஒட்டவெச்சு, கரித்தூளோ சுண்ணத்தூளோ கட்டின துணிப்பொட்டலத்தால தட்டினா, ஓட்டை வழியா தூள் இறங்கி சுவர்ல வரி விழும். ஓட்டை போட்ட கோலத்தட்டுல மாவைத் தட்டுறோம் பாருங்க, அதே டெக்னிக். அந்த வரிக்குள்ள வேற ஒரு கைவினைஞர் தங்கம் பூசுவார், இல்ல கல்லைச் செதுக்குவார்.

இதுல ஒண்ணு கவனிங்க. எழுதினவரும் பூசினவரும் வேற வேற ஆள். அப்பவே வேலையைப் பிரிச்சிருக்காங்க. ஆனா அந்தச் சங்கிலியோட தொடக்கத்துல, வாசிக்கத் தெரிஞ்ச, வருஷக்கணக்கா குருகிட்ட பயிற்சி எடுத்து அனுமதிப் பத்திரம் வாங்கின ஒருத்தர் இருந்தார். அந்தப் பத்திரம் இல்லாம எழுத்துக்குக் கீழ தன் பேர் போட அவருக்கு உரிமை கிடையாது.

பெய்கோஸ்ல ஊதின கண்ணாடி

18-ம் நூற்றாண்டு முடியற சமயம், சுல்தான் மூன்றாம் செலிம் காலம். மெஹ்மெத் தெதேன்னு ஒரு மெவ்லெவி தர்வேஷ் கண்ணாடி வேலை கத்துக்க வெனிஸுக்குப் போனார். திரும்பி வந்து, பாஸ்பரஸ் கரையில பெய்கோஸ்ல பட்டறை போட்டார். அந்தப் பகுதியில வளர்ந்த வேலைக்கு "பெய்கோஸ் கண்ணாடி"ன்னே பேர் வந்துச்சு. அதுல ரொம்பப் புகழ்பெற்றது "செஷ்மி புல்புல்". வெள்ளையும் நீலமுமா கோடுகள் சுருள் சுருளா கண்ணாடிக்குள்ளயே ஓடும். பேருக்கு அர்த்தம் நைட்டிங்கேல் பறவையோட கண்.

பெய்கோஸ் பக்கத்துலயே பாஷாபாஹ்சேங்கிற இடத்துல 1935-ல குடியரசு காலத்துக் கண்ணாடி ஆலை வந்துச்சு. அந்த ஆலை 2002-ல மூடப்பட்டாலும், அதே பேர்ல இருக்கிற பிராண்ட் இன்னைக்கும் அனடோலிய, ஒட்டோமான் வரலாற்றை வெச்சு கையால செஞ்ச கண்ணாடி வரிசைகளை விக்குது. பள்ளிவாசல் எழுத்து ஜாடி மேல ஏறினதும் இந்த மாதிரி வழியிலதான்.

மூணு சிக்கல்

சுவர்ல இருந்த எழுத்தைக் கண்ணாடிக்குக் கொண்டுவரணும்னா மூணு சிக்கல் இருக்கு.

ஒண்ணு, வளைவு. சுவர் தட்டை. ஜாடியோட வயிறு உருண்டை. உருண்டைப் பரப்பை நசுங்காம தட்டையாக்க முடியாதுன்னு கணிதமே சொல்லுது. அதனாலதான் உலக வரைபடத்துல கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்கு ஊதித் தெரியுது. தட்டையா எழுதின அலிஃபை அப்படியே ஜாடியில ஒட்டினா, மேலயும் கீழயும் குறுகி, நடுவுல உப்பும். 7 புள்ளிக் கணக்கு காலி. அதை கண்ணால பாத்து சரிபண்ண எழுத்து தெரிஞ்ச ஒருத்தர் வேணும். ராகிம் சுவருக்குப் பண்ணின வேலையை இங்க ஜாடிக்குப் பண்ணணும்.

ரெண்டு, வெளிச்சம். கண்ணாடி ஊடுருவித் தெரியும். முன்பக்கம் நேரா இருக்கிற எழுத்தோட, பின்பக்கத்து எழுத்தும் கண்ணாடி வழியா தலைகீழ் திசையில தெரியும். ரெண்டும் குழம்பும். அதனாலதான் இந்த வகைப் பொருட்கள்ல கருநீலம், மரகதப் பச்சை, பால்வெள்ளைன்னு அடர்த்தியான கண்ணாடி நல்லா எடுபடுது. இன்னொரு வழியும் இருக்கு, குழப்பத்தையே டிசைனாக்குறது. ஒரே சொல்லை கண்ணாடிப் பிம்பம் மாதிரி ரெண்டு பக்கமும் எதிரெதிரா எழுதுற "முஸென்னா"ங்கிற பாணி ஒட்டோமான் மரபுலயே உண்டு. புர்சா நகரத்துப் பெரிய பள்ளிவாசல் சுவர்கள்ல இருக்கிற பிரம்மாண்டமான "வாவ்" எழுத்துக்கள் ரொம்பப் பிரபலம். மத்தவங்க தாள்ல வரைஞ்சு காட்டின பிம்பத்தை கண்ணாடி தானாவே கொடுத்துடும்.

மூணு, வெப்பம். கண்ணாடியை சுமார் 1400 டிகிரியில உருக்குவாங்க. ஊதுகுழல் முனையில தேன் மாதிரி சுத்தி எடுத்து, உருட்டி, ஊதி, வடிவம் கொண்டுவந்து, சுமார் 500 டிகிரி சூளைக்குள்ள வெச்சு மெல்ல மெல்ல ஆறவிடுவாங்க. அவசரப்பட்டா உள்ள இறுக்கம் தங்கி, ஒருநாள் தானாவே வெடிக்கும். ஆறினதுக்கப்புறம்தான் எழுத்து. எனாமல்னா பொடிச்ச வண்ணக் கண்ணாடி. ஜாடி உருகுறதுக்கு முன்னாடியே அது உருகணும், அப்பதான் மேல ஒட்டும். 550, 600 டிகிரி வாக்குல திரும்பச் சுடுவாங்க. அதிகமா சுட்டா ஜாடி சரியும், குறைச்சா எழுத்து உதிரும். தங்கத்தைப் பூசுறப்போ பழுப்புக் கூழாத்தான் இருக்கும், சூளையில இருந்து வந்தாதான் மினுக்கும். நாணல் பேனாவோட ஒரே வீச்சுல வந்த கோட்டை, இங்க தூரிகையால கொஞ்சம் கொஞ்சமா நிரப்பணும். அந்த வீச்சோட வேகம் போகாம நிரப்புறதுதான் கஷ்டம்.

எழுத்து உடையற இடம்

இனிமே என் ஏரியா. அரபு எழுத்து சேர்த்து எழுதுற எழுத்து. ஒரே எழுத்துக்கு சொல்லோட முதல்ல ஒரு வடிவம், நடுவுல ஒண்ணு, கடைசியில ஒண்ணு, தனியா நின்னா ஒண்ணுன்னு நாலு வடிவம் வரைக்கும் இருக்கும். திசை வலமிருந்து இடம். கம்ப்யூட்டர்ல இதையெல்லாம் கணக்குப் பண்ணி சரியான வடிவத்தை எடுத்துக் கொடுக்க ஒரு தனி மென்பொருள் அடுக்கு வேணும். அப்படி ஒண்ணுதான் ஹார்ஃப்பஸ். ஆண்ட்ராய்டு, குரோம் எல்லாத்துலயும் இருக்கிற ஓப்பன் சோர்ஸ் எஞ்சின். அந்தப் பேரே பாரசீகச் சொற்கள்ல இருந்து வந்தது. ஆண்ட்ராய்டு போன்ல "கொ"ன்னு அடிக்கிறப்போ கொம்பை முன்னாடியும் காலைப் பின்னாடியும் வெக்கிறதும் அதே எஞ்சின்தான்.

அந்த அடுக்கு இல்லாத டிசைன் மென்பொருள்ல அரபுச் சொல்லை ஒட்டினா என்ன ஆகும்? எழுத்தெல்லாம் தனித்தனியா பிரிஞ்சு, இடமிருந்து வலமா திரும்பி நிக்கும். பேனர்கள்ல கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமா தமிழ் உடைஞ்சு கிடக்குறதைப் பாத்து நமக்கு எப்படி எரியுது? அதேதான். டி-ஷர்ட்ல, பச்சை குத்தினதுல, நினைவுப்பொருள் கடைகள்ல இந்த உடைஞ்ச அரபு உலகம் முழுக்க சுத்திக்கிட்டு இருக்கு. செய்யுறவருக்கும் தெரியாது, வாங்குறவருக்கும் தெரியாது. அந்தச் சொல்லைத் தொழுகையில தினமும் சொல்ற ஒருத்தர் கண்ணுல படுறப்போதான் அது வலிக்கும்.

துருக்கியிலயே இதுக்கு ஒரு தனிக் காரணம் சேர்ந்துச்சு. 1928 நவம்பர் 1-ம் தேதி நிறைவேறின சட்டத்தால துருக்கிய மொழி லத்தீன் எழுத்துக்கு மாறுச்சு. அடுத்த தலைமுறைக்கு தாத்தா எழுதின கடிதமே வாசிக்க வராது. குர்ஆன் ஓதக் கத்துக்கிட்டவங்களுக்கு எழுத்து அடையாளம் தெரியும். ஆனா ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி எழுதின ஒட்டோமான் அமைப்பைப் பிரிச்சுப் படிக்கிறது வேற வித்தை. இப்படித்தான் படிக்கிற பொருளா இருந்த எழுத்து பலருக்குப் பாக்குற பொருளாச்சு. கலை செத்துடல. 2021-ல யுனெஸ்கோ இந்தத் துருக்கிய எழுத்தணியை மனிதகுலத்தோட பண்பாட்டு மரபுப் பட்டியல்ல சேர்த்துச்சு. ஆனா கத்துக்கிட்டவங்களுக்கும் கடைத்தெருவுக்கும் நடுவுல இடைவெளி இருக்கு. அந்த இடைவெளியிலதான் எழுத்து உடையுது.

நம்பகமான வழி எதுன்னு கேட்டா, ஃபான்ட்டை நம்பாம, ஒரு ஹத்தாத் எழுதினதையே மூலமா வெச்சுக்கிறது. சொற்களை அடுக்கி ஒரு வட்டத்துக்குள்ள, ஒரு துளி வடிவத்துக்குள்ள பொருத்துற வேலையை எந்த ஃபான்ட்டும் அவர் மாதிரி பண்ணாது. எந்த எழுத்து எதுக்கு வழிவிடணும்னு அவர் அர்த்தம் தெரிஞ்சு முடிவெடுக்கிறார்.

வாங்குறதுக்கு முன்னாடி

அப்போ ஒரு ஜாடியைக் கையில எடுத்தா என்ன பாக்கலாம்? அடியில பாருங்க. ஊதின கண்ணாடியா இருந்தா கம்பியில இருந்து பிரிச்ச தழும்போ, அதைத் தேய்ச்சு வழவழப்பாக்கின வட்டமோ பெரும்பாலும் இருக்கும். எழுத்து மேல விரலை ஓட்டுங்க. கையால தீட்டின எனாமல் கொஞ்சம் மேடா தட்டுப்படும். லென்ஸ் வெச்சுப் பாத்து சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையா தெரிஞ்சா அது அச்சு.

அதுக்கப்புறம் கடைக்காரர்கிட்ட ரெண்டே கேள்வி கேளுங்க. "இதுல என்ன எழுதியிருக்கு?" "யார் எழுதினது?" பழைய பலகைகள்ல ஓரத்துல ஹத்தாத் கையெழுத்து இருக்கும், "இதை எழுதினது இன்னார்"னு. கண்ணாடிக்கு வர்றப்போ அந்தச் சின்ன வரியைத்தான் முதல்ல வெட்டி எடுத்துடுறாங்க, அழகுக்கு இடைஞ்சலாம். அது இருந்தா, இல்ல கூட வர்ற சீட்டுல சொல்லோட அர்த்தமும் எழுதினவர் பேரும் இருந்தா, சங்கிலி அறுபடலன்னு அர்த்தம்.

அர்த்தம் தெரிஞ்சா எங்க வெக்கணும்னும் தெரியும். சுல்தானோட முத்திரையெழுத்தான "துக்ரா"ன்னா அது ஒரு அரசனோட பேர். "வாவ்"னா ஒரே ஒரு எழுத்து. இறைவனோட பேர்னா அதைச் சாப்பாட்டு மேசையில எச்சில் தட்டுக்கு நடுவுல வெக்க மாட்டோம், உயரமா ஒரு இடம் பாத்து வெப்போம். மதம் எதுவா இருந்தாலும் அடுத்தவர் வணங்குற சொல்லுக்குக் கொடுக்கிற சாதாரண மரியாதை அது. அந்த மரியாதை கொடுக்கணும்னா முதல்ல அது என்ன சொல்லுன்னு தெரிஞ்சிருக்கணும்.

ஆக, "கைவேலை"ங்கிற சீட்டு எனக்குப் போதாது. கை கண்ணாடியைக் காப்பாத்தும். எழுத்தைக் காப்பாத்த, அந்தச் சங்கிலியில வாசிக்கிற ஒரு ஜோடிக் கண் எங்கயாவது இருக்கணும். ஜாடி உடைஞ்சா நமக்கு உடனே தெரிஞ்சுடும், சத்தம் கேக்கும். எழுத்து உடைஞ்சா சத்தமே வராது.

சரி, இன்னைக்கு இவ்வளவுதான். உங்க வீட்டு ஷோகேஸ்ல படிக்கத் தெரியாத எழுத்தோட ஏதாவது பொருள் இருந்தா, அதை வாசிக்கத் தெரிஞ்ச ஒரு நண்பர்கிட்ட காட்டுங்க. என்ன சொன்னாருன்னு எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.